அக்காவின் காலுக்கு ஒரு வண்டி

இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தால், அவளைச் சுற்றி இருக்கிற ஆட்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறார்கள். அவர்களைத் திட்டித் தீர்க்காமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அக்கா குள்ளம். நன்றாகவே குள்ளம். கடையில் மேல் தட்டுச் சாமானை எடுக்க ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவாள். "கடவுள் எனக்குப் பொறுமையை அள்ளி வெச்சுட்டாரு, உயரத்துக்கு இடம் பத்தல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எனக்கு உயரம் உண்டு, பொறுமை கிடையாது. அத்தான் என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்திக் கொடுக்கும் தொழில். அதில் அவர் ஒரு கறார் வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனிதர் வந்து அளவை வாயால் சொன்னாலும் வெட்ட மாட்டார். தானே நேரில் போய், மரச் சட்டத்துக்குள் டேப்பை வைத்து, மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு வருவார். "ஆளு சொல்ற அளவு வேற, சட்டம் சொல்ற அளவு வேற. வெட்டின கண்ணாடியை அப்புறம் பிடிச்சு இழுக்கவா முடியும்?" என்பார். அவசரப்படுகிற வாடிக்கையாளர்கள் முனகிக்கொண்டே போவார்கள். ஆனால் திரும்பி இங்கேதான் வருவார்கள்.

அந்த மனுஷன் கண்ணிலேயே ஒரு நாள் கண்ணாடிச் சில்லு தெறித்தது. ஒரு கண் போயேபோய்விட்டது. மிச்சமிருந்த கண்ணும் மங்கிப்போனது. மேசைமேல் குனிந்தால் வெட்டுக்கோடு தெரியும், தெருவில் வருவது லாரியா மரமா என்று தெரியாது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது அக்காதான். சரக்கு எடுக்கப் போவதும், பொருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோவதும், நானும் அவளுமாகத் தூக்கி இறக்குவதும் தினப்படி வேலையாகிவிட்டது.

கடையில் இருந்த வேன் அத்தானின் நீளக் காலுக்கு வாங்கியது. சீட் முன்னால் நகராது. அக்கா முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டினாள். அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது, நிற்கவைத்துத்தான் கட்ட வேண்டும். ஓட்டுகிறவளின் பிடரிக்குப் பின்னால், ஒரே ஒரு தகரத் தடுப்பு தள்ளி, அத்தனை கண்ணாடியும் நின்றுகொண்டே வரும்.

ஒரு நாள் சந்தை முக்கில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். அக்கா பிரேக்கை அழுத்தப் போனாள். தலையணை பக்கவாட்டில் நழுவியது. கால் பாதி பிரேக்கில்தான் பட்டது. வண்டியைத் திருப்பி விளக்குக் கம்பத்தில் மோதினாள். பின்னால் இருந்த கடை முகப்புக் கண்ணாடி மொத்தமும் முன்னால் சரிந்து தகரத்தைப் பிளந்துகொண்டு வந்தது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். அவளோ இறங்கி ஓடி, "உங்களுக்கு அடி கிடி பட்டுச்சாங்க?" என்று அந்த சைக்கிள்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து தலையைச் சீவியபோது சீப்பிலிருந்து கண்ணாடித் தூள் தரையில் கொட்டியது.

"அடுத்த வண்டியில பிரேக் என் காலுக்கு எட்டினா போதும்டி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"இதை அத்தான்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, தன் கண்ணாலதானே இவ்வளவும்னு நெனைச்சு உக்காந்துடுவாரு. விடு."

விடுவதாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பைப் பிடுங்கி எறிந்தேன்.

வேன் தேறாது என்றானதும் அத்தானுக்கு ஓர் ஆசை வந்தது. பழைய காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று வாங்கி, சரிபண்ணி, அதையே தினமும் ஓட்ட வேண்டும். ஆசை தப்பில்லை, நியாயமும் இருந்தது. புது வண்டிகளின் பின்தட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, ரெண்டு பெண்கள் அதில் கண்ணாடியை ஏற்றினால் இடுப்பு ஒடிந்துவிடும். பழைய பிக்கப்பின் தட்டு தாழ்வு. தகடு கெட்டி. எது பழுதானாலும் அடுத்த தெரு மெக்கானிக் கழற்றி மாட்டிவிடுவார். கண் போனதிலிருந்து அத்தான் இப்படி முகம் மலர்ந்து பேசி நாங்கள் பார்த்ததில்லை. அக்காவும் "சரிங்க" என்றாள்.

வண்டி பார்க்க நாங்கள் மூவர், மெக்கானிக், அப்புறம் அத்தானின் தம்பி. இவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கார் அவருடையது என்பதால் அவர் வாயையும் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

முதல் வண்டி ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நின்றது. காய்ந்த சேற்று நிறம். ஒரு விளக்கைக் காணோம். பின்தட்டுப் பலகை உளுத்துப்போயிருந்தது. உள்ளே டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. மெக்கானிக் அடியில் படுத்து, அடிச்சட்டமான சேஸை நீளத்துக்கும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் டங் டங் என்று சத்தம் கேட்டது.

"இரும்பு கல்லு மாதிரி இருக்குண்ணே. மேல இருக்கிறது எல்லாம் அழுக்குதான். இஞ்சினை இறக்கிச் சுத்தம் பண்ணிட்டா ஓடும்" என்றார்.

"இதுல போனா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்ண்ணே" என்றார் மெத்தைக்காரர். அத்தான் கையால் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அக்கா மட்டும் கோழிக்கு வலிக்காமல் கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்தாள். சீட் கிறீச்சென்று முன்னால் நகர்ந்தது. கோழி கொக்கரித்தது. ஆண்கள் எல்லாரும் அதற்குள் காருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே பூசி மெழுகியிருந்தார்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், அது சேஸுக்குள் கைப்பிடிவரை இறங்கியது.

மூன்றாவதுதான் அந்தச் சிவப்பு வண்டி. பழைய வண்டி விற்கிறவரின் முற்றத்தில், பெரிய மூக்கும் பளபள பம்பருமாக நின்றது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்கும் தம்பிக்கும் தலைகால் புரியவில்லை. "மூக்கு என்ன அழகுண்ணே!" என்றார் தம்பி. "ஐயா, ஏறி உக்காருங்க" என்று கதவைத் திறந்தார் விற்கிறவர். அத்தான் ஏறினார். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கியரைத் தொட்டார். நிஜமாகவே எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. தம்பிக்காரர் போட்டோ எடுத்தார், இளகியது திரும்பவும் கெட்டியாகிவிட்டது.

"ஓட்டப்போறது அக்கா. அவ ஏறிப் பார்க்கட்டும்" என்றேன்.

விற்கிறவர் சிரித்துக்கொண்டே மறுபக்கக் கதவைக் காட்டினார். "அம்மாவுக்கு என்ன, இந்தப் பக்கம் சீட்டு நல்ல அகலம். தாராளமா உக்காந்து வரலாம்."

வாயில் வந்ததை விழுங்கினேன். வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "அண்ணே, இதுல சீட்டு நகராது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியிலேயே இருக்கு, அது மேல வெச்சு இறுக்கியிருக்காங்க. அக்காவுக்குக் கால் எட்டுறது கஷ்டம்."

"அட, இது ஒரு பிரச்சினையா?" என்றார் தம்பி. "எங்க கடையில நல்ல கெட்டித் தலகாணி வந்திருக்கு. அண்ணி முதுகுக்கு ரெண்டு வெச்சா முடிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டார்.

"தலகாணியா? அந்தத் தலகாணிதான் அவளைக் கம்பத்துல கொண்டுபோய் மோத வெச்சுது! உங்க முதுகுக்குப் பின்னால கண்ணாடியைக் கட்டி, தலகாணியை முட்டுக்கொடுத்து உக்காரவெச்சு பிரேக் அடிக்கச் சொன்னா அடிப்பீங்களா? அவ தலையில கண்ணாடித் தூளை வாரினது நானு. நீங்க வந்து பார்த்தீங்களா? வண்டி மூக்கு அழகா இருக்குதாம்! மூக்காலயா பிரேக் போடறது?"

"அண்ணி ஒண்ணும் சொல்லலையே, உனக்கு என்ன?" என்றார் தம்பி.

"பட்டாசு, கொஞ்சம் சும்மா இரு" என்றார் அத்தான், இறங்காமலே. "போகப் போகப் பழகிடும். அதுவும் எத்தனை நாளைக்கு? என் கண்ணு கொஞ்சம் தெளிஞ்சதும் நான்தானே ஓட்டப்போறேன்."

கண் தெளியாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டாக்டர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் பக்கத்தில்தான் நின்றோம். அவரும் கேட்டார். ஆனால் அந்தப் பேச்சை வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவ்வளவு நாளும் அவர் வண்டி தேடியது தனக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

அக்கா விற்கிறவரிடம் கையை நீட்டினாள். சாவியை வாங்கி, அத்தானின் உள்ளங்கையில் அறைந்தாற்போல் வைத்தாள். அது கோபம். பிறந்ததிலிருந்து அவளோடு இருக்கிறேன், அவள் கோபத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அப்போ ஓட்டுங்க. அந்தக் கேட் பக்கத்துல நான் நிக்கிறேன். என்னைப் பார்த்து மெதுவா வாங்க" என்றாள்.

கடை வேலைக்குப் போடுகிற சாம்பல் நிற மேலங்கியோடு போய் சாம்பல் நிறக் கேட்டுக்கு முன்னால் நின்றாள். பெரிய தூரமில்லை. அத்தான் சாவியைப் போட்டார். இஞ்சின் உறுமியது. கழுத்தை நீட்டினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"எங்க நிக்கிற?"

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏய், எங்கம்மா நிக்கிற? ஒரு சத்தம் குடு."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் கொடுக்கவில்லை. தம்பிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அத்தான் அதை நிறுத்தினார். அந்தக் காலத்து வண்டியில் சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே நீளம். இறங்காமல், அதிலேயே மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

"வா, ஏறு" என்றார்.

அக்கா வந்து ஏறினாள். சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்க, காலை நீட்டினாள். "எட்டலங்க" என்றாள்.

அத்தானின் கை தானாக இடுப்புக்குப் போனது. டேப்பை உருவினார். இறங்கி அவள் பக்கம் சுற்றி வந்து, தரையில் மண்டிபோட்டு, முகத்தை அவள் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கால் விரலுக்கும் பிரேக்குக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். டேப்பை விட்டார், அது சர்ரென்று உள்ளே போனது.

"சட்டத்துல அளவெடுக்காமலே வெட்டப் பார்த்தேனே" என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "இந்த வண்டி வேணாம்டா."

"அண்ணே, இப்படி ஒரு வண்டி திரும்பக் கிடைக்..."

"வேணாம்னு சொல்றேன்ல!"

அந்த அதட்டலில் என் பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பி இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால், "சிவப்பு வண்டியை விட்டுட்டீங்களே" என்று ஆரம்பிக்கிறார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

அங்கிருந்து நேராகத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனோம். தோட்டக்காரர் கோழியையும் முட்டைகளையும் கூடையில் எடுத்துக்கொண்டு போனார். அத்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா ஏறி, சீட்டைக் கிறீச்சென்று முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எட்டுதா?" என்று கேட்டார். அத்தனை நாளில் அவளிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா பிரேக்கை அடிவரைக்கும் அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். அத்தான் கோழிச் சிறகும் வைக்கோலுமாகக் கிடந்த தரையில் குனிந்து, அவள் குதிகால் கீழே ஊன்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.