பிடுங்கிய பிளக்

தலத்தெருவில் கலைவாணனைத் தெரியாதவர்கள் குறைவு. கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தர். யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் திறந்து பார்ப்பார். பாதி ஓடும், பாதி கடைக்குப் போகும். அதற்காக அவர் வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

போன ஐப்பசியில் டிவியோடு ஒரு மீடியா சென்டர் அமைக்கும் ஆசை வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினார். மெமரி கார்டில் சிஸ்டத்தை ஏற்றி, கேபிள் செருகி, செல்போனையே ரிமோட்டாக்கிப் படம் ஓடவைக்க மூன்று நாள் ஆயிற்று.

முதலில் ஏற்றியது தங்கள் கல்யாண வீடியோ. மனைவி பங்கஜவல்லியின் அப்பா சோமு, கல்யாணம் முடிந்த மறு வருஷமே இறந்துவிட்டார். அவர் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். பூஞ்சை பிடித்த கேசட்டை ஸ்டூடியோவில் கொடுத்துப் பென் டிரைவில் வாங்கியபோதே நாடா அறுந்துவிட்டது. கார்டில் ஏற்றியதும், இடம் வேண்டுமென்று பென் டிரைவில் இருந்ததைக் கலைவாணன் அழித்தும் விட்டார்.

"ஞாயித்துக்கிழம வேலையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா பாக்குறேங்க" என்றார் பங்கஜவல்லி. இருபது வருஷம் கழித்துக் கேட்கப்போகும் அப்பா குரல். அதை அவசரமாகக் கேட்க அவருக்கு மனசில்லை.

சனிக்கிழமை மதியம் கடல் பக்கம் இடி இடித்தது. பங்கஜவல்லி போலகத்தில் விவசாய வீட்டில் வளர்ந்தவர். இடி கேட்டால் கை தானாகப் பிளக்குக்குப் போய்விடும். எல்லாவற்றையும் பிடுங்கினார், அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் உட்பட. மழை விட்டு மறுபடி செருகினால் திரை கறுப்பாகவே இருந்தது.

"ஷட்டவுன் பண்ணாம புடுங்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கலைவாணன் கத்தினார். "உங்கப்பா குரல நீயே அழிச்சிட்ட."

சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை. பங்கஜவல்லி அடுப்படிக்குப் போய்விட்டார். ஞாயிறு முழுக்கச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரிஃபானா கார்டைத் தன் லேப்டாப்பில் செருகினார். ஒரு மணி நேரம் ஆனது.

"சிஸ்டம்தான் சார் போயிருக்கு. வீடியோவ எடுத்துட்டேன். இருக்குற ஒரே காப்பிய யாராவது இதுல வைப்பாங்களா?"

வைத்தது யார் என்பதைக் கலைவாணன் சொல்லவில்லை.

சாயங்காலம் இரண்டு பென் டிரைவில் படியெடுத்து வந்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி ஓடவிட்டார். பங்கஜவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வரவேற்பு. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். வெளியே இடி இடிக்கிற சத்தம். வேட்டியை மடித்துக் கட்டியபடி சோமு வீடியோ எடுப்பவரை நோக்கி வேகமாக வருகிறார்.

"தம்பி, மொதல்ல லைட்டு பிளக்க புடுங்குப்பா. படம் அப்புறம் புடிச்சிக்கலாம்."

விளக்கு அணைந்து படம் இருண்டது. கேமரா பேட்டரியில் ஓடியதால் குரல் மட்டும் தொடர்ந்தது.

"பங்கஜம், பயப்படாதம்மா. அப்பா இங்கதான் நிக்கிறேன்."

பங்கஜவல்லி அழுதார். கலைவாணன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதுதான். உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பங்கஜவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா சொல்லிக்குடுத்ததத்தான் செஞ்சேன்" என்றார். "இன்னொரு தடவ போடுங்க."