ஒழுகாத தளம்

நல்ல எண்ணத்துடன் எழுதப்பட்ட ஒரு விதி, தடுக்க நினைத்தவரை விட்டுவிட்டு வேறொருவரை வாசலில் நிறுத்தினால், அதற்குப் பொறுப்பு விதியா, அதை எழுதியவனா? எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இணைச் செயலாளராக இருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய மனைப்பிரிவு எங்களுடையது. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் தெருவிளக்குக்காகவும் தண்ணீருக்காகவும் சங்கம் தொடங்கினார்கள். பிறகு, உறவுகள் தூரத்தில் இருக்கும் ஊரில் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் ஓர் இடம் வேண்டுமென்று கூடம் கட்டினார்கள். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் செங்கல் சுமந்தார்கள். ஷிப்டுக்குப் புறப்பட்டவர்கள் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேருந்து ஏறினார்கள். நான் குடிவந்தது அதற்கெல்லாம் பிறகு. கேள்விப்பட்ட அளவிலேயே அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டானது.

ஒருமுறை வெளியூர் ஜவுளி வியாபாரிகள், வாடகைக்குக் குடியிருந்த ஒருவரின் பெயரில் கூடத்தை எடுத்து, வாரக்கணக்கில் ஒலிபெருக்கி வைத்துத் தள்ளுபடி விற்பனை நடத்தினார்கள். கூடத்தில் நடந்துவந்த பிள்ளைகளின் மாலை வகுப்பு நின்றுபோனது. சொந்த வீடுள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே கூடம் என்று நான் விதி எழுதினேன். பொதுக்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் மனைப்பிரிவை ஒட்டிய பழைய தெருவிலிருந்து ஓர் அம்மா கூடம் கேட்டு வந்தார். முன்பு வயல் வேலைக்குப் போனவர். இப்போது ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அடுத்த ஞாயிறு மகளுக்கு நிச்சயதார்த்தம். ஊத்தங்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வருகிறார்கள். இடமில்லையென்றால் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். பெண் வீட்டில் நடக்க வேண்டியதை அப்படி விட்டுக்கொடுப்பது அவருக்குத் தலைகுனிவு.

கூடத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். பிறகு மேலே தளத்தைப் பார்த்தார்.

“இந்த ஹாலு மழைக்கு ஒழுகுதுங்களா சார்?”

ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

“ஒழுகாதுங்க,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை செயற்குழுவில் இதை ஒரு விநோதம் போலச் சொன்னேன். எங்கள் துணைத் தலைவி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவரோடு சேர்ந்து இந்தக் கூடத்துக்கு மண் சுமந்தவர். அவர் சிரிக்கவில்லை. தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளில் நடந்ததைச் சொன்னார். பாதி வேலையில் ஆட்கள் போதவில்லை. வரவேண்டிய ஷிப்டு ஆட்களைத் தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு நிறுத்திக்கொண்டார்களாம். கான்கிரீட்டை நடுவில் நிறுத்தினால் இணைப்பில் விரிசல் விழுந்து நீர் கசியும். வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பழைய தெருக்காரர்கள், யாரும் கூப்பிடாமலே வரிசையில் நின்று, கடைசிச் சட்டி வரை கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்.

“சட்டி தூக்க அன்னைக்குத் தம்பி வரலல்லா,” என்றார் துணைத் தலைவி. “வந்திருந்தா இப்படி எழுதிருக்க மாட்டீய.”

அந்த அம்மாவுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்றார் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. விலக்கு என்றால், அந்தத் தெருவில் அடுத்து வருபவரும் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும். கதவை முழுதாகத் திறந்துவிட்டால் வியாபாரிகள் திரும்ப வருவார்கள். வெகுநேரம் பேசிய பிறகுதான் என் பிழை எனக்கே புலப்பட்டது. நாங்கள் தடுக்க விரும்பியது விற்பனையை. நான் தடுத்ததோ மனிதர்களை. விதியை அடித்துவிட்டு, வியாபாரத்துக்குக் கூடம் இல்லை, குடும்ப விசேஷங்களுக்கு மனைப்பிரிவு, பழைய தெரு ஆகிய இரு பகுதியாருக்கும் உண்டு என்று எழுதினேன். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் தேவைப்படவில்லை என்பதை இன்றும் வியக்கிறேன்.

மறுநாள் நானே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

“அது கெடக்குதுங்க சார். நீங்களும் ஊட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க,” என்று சொல்லிவிட்டு, ஊத்தங்கரைக்குப் போன் போட்டார்.

நிச்சயதார்த்தம் எங்கள் கூடத்தில் நடந்தது. இப்போது செயற்குழுவில் அந்தத் தெருவிலிருந்து இருவர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் நாங்கள் எந்த விதியையும் எழுதுவதில்லை.