லீவு அக்கா கேட்ட லீவு

நகராட்சி அலுவலகத்தில் மூலை மேசைக்காரிக்கு 'லீவு அக்கா' என்று பெயர். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களின் விடுப்பு விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலாளருக்கு அனுப்புகிற வேலை. யார் மனைவிக்குப் பிரசவம், யார் மாமனாருக்குப் பக்கவாதம், எல்லாம் அத்துபடி. ஆனால் அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மதிய இடைவேளையில் மூச்சிரைக்க ஓடி மருந்து கொடுத்துவிட்டு வந்தாளே, என்ன ஏது என்று ஒருத்தராவது கேட்டார்களா?

போன மாதம் குடிநீர்ப் பிரிவுப் பெண், தன் அம்மாவின் முழங்கால் அறுவைக்காக இருபது நாள் விடுப்பு கேட்டாள். அலுவலகமே அவள் மேசையைச் சுற்றி நின்றது. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருக்கிற மேலாளர்கூட, "அம்மாவ நல்லா பாத்துக்கம்மா" என்றார். லீவு அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவளுக்கு இத்தனை சீராட்டா?

மருத்துவச் சான்றை எடுத்துத் துருவினாள். டாக்டர் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை. "விதி விதிதான்" என்று திருப்பி அனுப்பினாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார்; தேதி வாங்க நாலு நாள் ஆனது. அந்தப் பெண்ணிடம் வேறு விடுப்பு மிச்சமில்லை. அவள் அலுவலகத்தில் குழாய் இணைப்பு மனுக்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மாவை மகள் இல்லாமலே அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்போது லீவு அக்காவின் புருஷனுக்கு இதயத்தில் அறுவை. நாளைக் காலை. வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். விடுப்பில் போகிறவர், தன் மேசையைப் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் மேலாளர் தாளைத் தொடமாட்டார்.

"எனக்கே வேலை தலைக்கு மேல கெடக்குக்கா" என்றார் பிறப்பு இறப்புப் பதிவுக்காரர். சுகாதாரப் பிரிவுக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எல்லோருமே எப்போதோ அவளிடம் தாளைத் திரும்ப வாங்கியவர்கள்தான். கடைசியில் மிஞ்சியது குடிநீர்ப் பிரிவு மேசை. கூசிக் குறுகிப் போய் நின்றாள்.

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். விண்ணப்பத்தோடு இருந்த மருத்துவச் சான்றைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, டாக்டர் தேதி போடலையே."

லீவு அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊரார் தாளிலெல்லாம் நொட்டை கண்டுபிடித்தவள், பதற்றத்தில் தன் தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு நாலு நாள் ஆச்சு. உங்களுக்கு ஆக வேணாம்." கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் என் வீடு. மத்தியானம் சாப்பிடப் போறப்ப நானே தேதி வாங்கிட்டு வந்து மேனேஜர்கிட்ட குடுத்துடறேன். நீங்க கெளம்புங்க, மாமா தனியா இருப்பாரு."

லீவு அக்கா வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் அதற்குள் மூலை மேசையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்திருந்தாள். லீவு அக்காவுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பொறாமைதான் வந்தது, முன்னைவிடப் பத்து மடங்கு. எல்லாரும் தாங்குகிறார்கள், சரி. இந்த மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா?

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"ஒரு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி!"