பட்டணத்துக்குத் தொண்டு செய்யப் போன பதினோரு பேர்

இளையோர் குழுவுக்கு வழிகாட்டி என்று பெயர் வாங்கியவனுக்கு, வழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊரார் காட்டுவார்கள். அரியலூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் இடையில் ஒரு கிராமத்தில் இருபத்தெட்டு வருடமாக நான் உபதேசியார். பங்குத்தந்தை வராத நாட்களில் கோயிலைத் திறந்து செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதும் என் வேலை. இளையோர் குழு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இதே பாரத்தைச் சுமக்கிற உபதேசியார்களே, வழிகாட்டிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிக்கலாம். நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

மூன்றாவது பூச்சு

மே மாதமானால் சென்னையிலிருந்து ஒரு பங்குக் கோயிலின் இளைஞர்கள் வேன் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார்கள். அதற்குக் கிராம அனுபவ முகாம் என்று பெயர். நான்கு நாள் தங்கி, கோயில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். முதல் வருடம் சுவருக்கு அது தேவையாக இருந்தது. இரண்டாம் வருடமும் அடித்தார்கள். மூன்றாம் வருடம் சுவர் பளிச்சென்று இருந்தது. வேறு ஏதாவது செய்யலாமே என்றேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்றார்கள்.

அவர்களின் தலைவன் கெவின், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நல்ல பையன். ஒவ்வொரு வருடமும் விடைபெறும்போது உண்மையாகவே அழுவான். ஆனால் அவர்களில் யாருக்கும் சுண்ணாம்பு கரைக்கத் தெரியாது. மூன்று வருடமும் கரைத்துக் கொடுத்தவள் எங்கள் குழுவின் செயலாளர் சகாயம். அரியலூரில் கல்லூரி கடைசி வருடம். யாரிடமும் நேராகப் பேசுவாள். மூன்றாம் வருடம் வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனதும், குழாயடியில் கையைக் கழுவியபடியே என்னிடம் சொன்னாள்:

"அவங்க ஊர்ல செவுரே இல்லியா சார்? அடுத்த மே மாசம் நாம போவோம்."

பேரவையில்

கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். துணைத் தலைவர் அருளப்பன் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பொம்பளைப் பிள்ளைகளைப் பத்து நாள் அனுப்புவதா என்றார். அதற்குப் பதில் வைத்திருந்தேன். அடுத்ததுதான் என்னைச் சுட்டது. "அவங்க வந்து நமக்குச் செய்றாங்க. நாம போயி அவங்களுக்கு என்னத்தச் செய்யறது?" என்றார். "போடப் போட வாங்கிக்கிட்டே இருக்கிறதுக்கு நாம என்ன உண்டியலா?" என்று கேட்டுவிட்டேன். பேரவையில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். சென்னைப் பங்கிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும், இளையோர் குழுவின் பதிவு நோட்டை மேசையில் வைத்துவிட்டு நான் விலகிவிட வேண்டும். இனி இப்படி ஒரு பயணமும் கிடையாது. நான் தலையாட்டினேன். வாயால் சொல்லச் சொன்னார், சொன்னேன். அது தைரியமா, கோபமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்:

"எழுதிக்குங்கப்பா. சென்னைக்காரனுக்கு நாம புண்ணியம் சேர்க்கப் போறோமாம்."

அறிவிப்புப் பலகை

ஆறு பெண்கள், ஐந்து ஆண்கள், நான், அரை மூட்டை சின்ன வெங்காயம். விருந்தாளியாகப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா என்று வீட்டுக்கு வீடு அள்ளிப் போட்டது அது. கெவின் பஸ் நிலையத்துக்கே வேனோடு வந்திருந்தான். கையில் அழகாக அச்சடித்த நிரல். முதல் நாள் கடற்கரை, அடுத்த நாள் மெட்ரோ ரயில், அதற்கடுத்த நாள் மிருகக்காட்சி சாலை. கடைசி வரியில், நேரம் இருந்தால் ஒரு முதியோர் இல்லம். மேலே தலைப்பு: 'கிராமத்து இளையோருக்கு நகர அனுபவ முகாம்'. நாங்கள் வேலை செய்ய வருகிறோம் என்று நான் எழுதிய கடிதத்தை, ஊர் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று படித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் அலைந்து ஏற்பாடு செய்ததாகச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

நாங்கள் தங்கிய பங்கு மண்டபத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. எங்கள் ஊரில் அவர்கள் எடுத்த படங்கள் அதில் ஒட்டியிருந்தன. நடுவில் பெரிதாகச் சகாயத்தின் படம்; முகமெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்பு. கீழே, 'நம் உதவியைப் பெற்ற ஏழைச் சகோதரி'. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு கெவினைக் கூப்பிட்டு, படத்தில் விரலை வைத்துக் காட்டினாள்:

"சுண்ணாம்பு கரைக்கிறது நானு. பக்கத்துல பிரஷ்ஷக் கையில வச்சிக்கிட்டு முழிக்கிறது நீங்க. இதுல யாருக்கு யாரு உதவி பண்ணினதுண்ணே?"

வரிசை

கடற்கரைக்கு ஒரு மாலை போனோம். மறைக்க விரும்பவில்லை, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் நிரலை மடித்து வைத்துவிட்டு, வீடு சந்திக்கப் போகிறோம் என்றேன். எங்கள் ஊரில் வீடு சந்திப்பு என்றால் வாசலில் நின்று பேர் சொன்னால் போதும், உள்ளே பாய் விரித்துவிடுவார்கள். சென்னையில் அடுக்குமாடி வாசலிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். விற்க வந்தவர்களா, நன்கொடை கேட்பவர்களா என்று விசாரித்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் முகம் மாறியது. அவருக்கு எங்கள் மாவட்டத்தை ஒட்டிய குன்னம் பக்கம். மக்காச்சோளத்துக்கு மழை உண்டா என்று கேட்டுவிட்டு, மாடியில் உங்களுக்கு வேலை இல்லை, பின்னால் போய்ப் பாருங்கள் என்றார்.

பின்னால் அதே வளாகத்தின் இரண்டாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். பாதிக் குடும்பங்கள் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்கள். முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து எங்கள் ஆட்களையே பார்த்தேன். முகாமுக்கென்று தந்த பதினோரு மஞ்சள் டீ-சர்ட்டும் ஒரு வெள்ளை வேட்டியுமாக நுழைந்ததும், அங்கே விளையாடிய பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரே நிறத்தில் சட்டை போட்டவர்கள் வந்தால் வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகியிருக்கிறது. முதலில் நின்றது ஏழு வயதுப் பெண் குழந்தை, தமிழரசி. சகாயத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"போன தடவ பன்னு தந்தாங்க. நீங்க என்னா தருவீங்க? போட்டோ எடுக்கறப்ப சிரிக்கணுமாக்கா?"

ராசாத்தி சொன்னது

மறுநாள் பதினோரு பேரும் டீ-சர்ட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டுத் துணியில் கொட்டகைக்குக் கிளம்பினார்கள். நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. டீ நேரத்தில் தமிழரசியின் அம்மா ராசாத்தி வந்தாள். ஜெயங்கொண்டம் பக்கம், இந்தக் கட்டடத்தில் சித்தாள் வேலை. முதலில் ஊரைக் கேட்டாள். பிறகு, "வேதக்காரங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "சாமி கும்பிடல்லாம் சொல்லித் தராதீங்க. எங்களுக்குக் கொலசாமி இருக்கு. எம் பொண்ணு பேரு எழுதக் கத்துக்கணும். ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன். அது முடியும்னா வாங்க" என்றாள்.

இருபத்தெட்டு வருடமாக எந்த வகுப்பையும் சிலுவை அடையாளம் போடாமல் நான் தொடங்கியதில்லை. பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்தால் கை தானாக நெற்றிக்குப் போகும். மண்டபத்துக்கு வந்து பதினோரு பேரிடமும் கேட்டேன். டிராக்டர் ஓட்டும் ஆரோக்கியராஜ், "அப்புறம் நாம எதுக்கு சார் வந்தோம்?" என்றான். நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் நம்பிப் பிள்ளையை விடுகிறாள். விட்ட பிறகு அவளுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும் அது திருட்டு. செபத்தை மண்டபத்திலேயே முடித்துக்கொள்வது, கொட்டகையில் எழுத்தும் கணக்கும் மட்டும் என்று முடிவு செய்தோம். இதை ராசாத்தியிடம் சொன்னபோது, அவள் சொன்னாள்:

"ஒங்க சாமிய நீங்க கும்பிடுங்க. அப்ப எங்களுக்கும் சேத்து ஒரு வார்த்த கேட்டீங்கன்னா, நான் ஒண்ணும் வேணாங்க மாட்டேன்."

ஆரோக்கியராஜுக்குக் கிடைத்த வேலை

சென்ட்ரிங் பலகைதான் கரும்பலகை. ஆரோக்கியராஜுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடம் நடத்த வரவில்லை. தண்ணீர் தூக்கினான், அடைத்திருந்த சாக்கடையைக் குத்திவிட்டான். மூன்றாம் நாள் ஆளையே காணோம். தேடினால், தலையில் சும்மாடும் கலவைச் சட்டியுமாக இரண்டாவது மாடியில் நிற்கிறான். புது ஆள் என்று நினைத்து யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள், இவனும் ஏறியிருக்கிறான். நான் போய் விளக்கியதும் மேஸ்திரி வருத்தப்பட்டார்:

"நல்ல வேலக்காரன் சார். நீங்க செபம் பண்ற நேரம் போக மிச்ச நேரத்துக்கு அனுப்பி வைக்கிறீங்களா?"

காணிக்கைப் பவனி

ஒன்பதாம் நாள் தமிழரசி பலகையில் தன் பெயரை முழுதாக எழுதினாள். ராசாத்தி சிமெண்டுக் கையோடு வந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அன்று மாலை சென்னைப் பங்குப் பேரவையின் செயலாளர் மண்டபத்துக்கு வந்தார். ஞாயிறு திருப்பலியில், காணிக்கைகளைப் பீடத்துக்கு ஊர்வலமாக ஏந்திப் போகும் காணிக்கைப் பவனி உண்டு. அதில் கொட்டகைப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை போட்டு, கையில் சிலேட்டோடு வர வேண்டும், படம் எடுத்து ஆண்டு மலரில் போடலாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. இடம் கொடுத்தார், சோறு போட்டார். பிள்ளைகளை ஒரு மணி நேரம் நடக்க வைத்தால் புகார் இல்லை; என் நோட்டும் தப்பும், அடுத்த வருடப் பயணமும் தப்பும். ஒரு மணி நேரம்தானே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன்.

சகாயம் என்னைப் பார்த்தாள், அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். நான் போய் ராசாத்தியிடமே கேட்டேன். "வேலைக்குத்தான் அடுத்தவங்க சொன்ன எடத்துல நிக்கிறோம். புள்ளையையுமா நிறுத்தணும்?" என்றாள். திரும்பி வந்து செயலாளரிடம் முடியாது என்றேன். இதுதான் நன்றியா, உங்கள் பங்குக்கு எழுதுகிறேன் என்றார். எழுதுங்கள், முகவரி வேண்டுமானால் நானே சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலை நான் கொஞ்சம் ரசித்துச் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. கெவின் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். செயலாளர் போனதும் பக்கத்தில் வந்தான்:

"நீங்க ஊருக்குப் போனப்புறம், இந்தப் போட்டோ கீட்டோ எதுவும் இல்லாம நான் போனா, அந்தம்மா என்னைச் சேர்த்துக்குவாங்களா சார்?"

நோட்டு

ஜூன் மாதம் கடிதம் வந்தது. பேரவையில் அருளப்பனே வாசித்தார். நற்செய்திப் பணிக்கென்று வந்தவர்கள் ஒரு நாளும் நற்செய்தி அறிவிக்கவில்லை, தங்க இடம் தந்த பங்கை அவமதித்தார்கள் என்று இருந்தது. வருத்தம் தெரிவித்து நான்கு வரி எழுதினால் முடிந்துவிடும் என்றார் பங்குத்தந்தை. எழுத மாட்டேன் என்றேன். அவமதிப்பு என்பதைத் தவிர கடிதத்தில் உள்ளது எல்லாம் உண்மை. பத்து நாளும் செபம் சொல்லித் தரவில்லை. மறுபடி போனாலும், அந்த அம்மா கேட்டால் ஒழியச் சொல்லித் தர மாட்டேன். நோட்டை மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். என்னைத் தடுத்தது மனச்சாட்சியா, வீம்பா? ஒரு நல்ல உபதேசியாருக்கு இருக்க வேண்டிய ஏதோ ஒன்று எனக்கு இல்லையா? மாதக்கணக்கில் புரட்டிப் பார்த்துவிட்டேன். பதிலும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

நோட்டை வாங்கிக்கொள்ள யாரும் முன்வராததால் அது அருளப்பன் வீட்டுக்கே போனது. அவர் கூட்டிய கூட்டங்களில் எல்லாம் பதினோரு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்களாம்: மே மாதம் போக வேண்டும். பயணமே கிடையாது என்று எழுதி வைத்தவர், அவர்களிடம் பத்து மாதம் தாக்குப்பிடித்தார். போன வாரம் காலையில் என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்:

"உபதேசியாரே, அந்தக் கொட்டாய்க்கு எந்த பஸ்ஸுல போவணும்? கெவினுன்னு ஒருத்தன் தெனமும் போன் பண்றான், புள்ளைங்க கூடிப்போச்சாம், ஆளு பத்தலியாம்."

நோட்டு கையில் இருந்த இருபத்தெட்டு வருடத்தில் அருளப்பனை நான் ஒரு அடி நகர்த்தியதில்லை. அதைக் கீழே வைத்த பத்தாவது மாதம் அவர் சென்னைக்கே கிளம்புகிறார் என்றால், முன்பே ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கலாம்.