மூச்சு விடாத பெட்டி

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர் ரூமில். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான விசிறிகளின் இரைச்சலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவார். அதற்குமேல் யார் என்ன கேட்டாலும் வெறும் தலையாட்டல்தான். வாயைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது.

அந்த மனுஷனுக்கு ஓர் ஆசை வந்தது. ஹாலில் டிவியோடு இணைத்துப் படம் பார்க்க, துளிச் சத்தமும் போடாத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். இதற்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"வீட்டிலயாவது காதுக்கு ஓய்வு வேணும்ப்பா," என்றார்.

ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து பாகம் பாகமாகத் தானே பூட்டினார். உள்ளே விசிறியே கிடையாது. சூடு வெளியேற மேல்மூடி முழுக்க ஓட்டை. முடித்ததும் பெட்டியில் காதை வைத்துப் பார்த்து, "மூச்சு விடுதா பாரு!" என்று சிரித்தார். அத்தான் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அடுத்த வாரம் வேலைவிட்டு வந்து படம் போட்டால், திரையில் ஒன்றும் வரவில்லை. காலையில் அணைக்காமல் விட்டுப்போன பெட்டி அனலாய்க் கொதித்தது. தூசி படக்கூடாதென்று அக்கா அதன்மேல் பூப்போட்ட துணியை நாலாய் மடித்துப் போர்த்தியிருந்தாள்.

"ஓடிக்கிட்டிருக்கிறதுமேல யாராவது துணி போடுவாங்களா?"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இருக்கா இல்லையான்னே தெரியாம இந்த வீட்டில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அது போதாதா?"

ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அக்கா தோற்றிருப்பாள். அத்தான் துணியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலையாட்டினார்.