கறுப்பு மணலில் சந்திர வண்டி

காலை ஐந்தரைக்கு வெளிக்கிடுவோம் என்ற என் நானா ஏழு மணிக்குத்தான் கிண்ணியாவில் ஆட்டோவைக் கிளப்பினார். எனக்கு அண்ணன், மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் மனிதர். கராஜைப் பாதியில் விட்டுவிட்டு, சந்திரனில் ஓடுகிற மாதிரி ஆறு சில்லு வண்டியொன்று செய்திருக்கிறார். கொழும்புக் கண்காட்சிக்கு எடுபட வேண்டுமென்றால் அது தானாக ஐம்பது மீற்றர் ஓடி, போன பாதையை வரைபடமாகக் கீறித் தரவேண்டும். கீறும் புரோகிராம் என்னுடையது. வரைபடத்தை இன்று மாலைக்குள் அனுப்பவேண்டும்.

கிண்ணியாவில் மணல் இல்லையா? கொள்ளை மணல் கிடக்கிறது. ஆனால் நானாவுக்கு அது பிடிக்காது.

"புல்மோட்டை மண்ணில இருக்கிற இல்மனைட் எண்ட தாது சந்திரனிலயும் இருக்காம். அங்கதான் ஓட்டோணும்."

திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து இன்னும் ஐம்பத்தைந்து கிலோமீற்றர். வண்டி என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் அன்டெனா என் தாடையில் இடித்தது. நிலாவெளியில் தேத்தண்ணி நூறு ரூபா, வடை எண்பது. வடை போன பெருநாளுக்குச் சுட்டதாக இருக்கவேண்டும். "வடை நல்லம் என்ன?" என்றார் நானா. நான் மிச்சத்தைக் காகத்துக்கு எறிந்தேன்.

புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் காலைப் பொசுக்கியது. கரையில் இழுத்து வைத்திருந்த தோணிகளுக்கு இந்தப் பக்கம் வண்டியை விட்டோம். கொஞ்சத் தூரம் வடிவாக ஓடியது. பிறகு சில்லுகள் புதைந்து நின்ற இடத்திலேயே சுற்றின. லாப்டொப்பைப் பார்த்தால், யா அல்லாஹ், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது! சில்லு சுற்றுவதை எண்ணித்தான் என் புரோகிராம் தூரம் கீறும். வழுக்கினது அதற்குத் தெரியாது. வரைபடத்தின்படி வண்டி ஐம்பத்துமூன்று மீற்றர் ஓடி, தோணிகளையும் கடந்துவிட்டது.

தோண்டி எடுத்து மறுபடி விட்டோம். மறுபடியும் அதே கூத்து. எனக்குத் தலை வெடித்தது.

கடைசியில் ஒரு சில்லில் கயிற்றுத் துண்டைக் கட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மணலில் ஒரு கோடு விழும், வண்டி நகர்ந்தால்தான் அடுத்த கோடு தள்ளி விழும்; வண்டியின் பின்பக்கக் கமெரா அந்தக் கோடுகளைப் பார்த்து, உண்மையில் நகர்ந்ததை மட்டும் எண்ணும். வெயிலில் ஆட்டோவுக்குள் குந்தியிருந்து புரோகிராமை மாற்றி எழுதி முடிக்க பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். திரும்ப ஓட்டினோம். இந்த முறை வரைபடம் பொய் சொல்லவில்லை. பதினொரு மீற்றர்.

"தங்கச்சி, முதல் வந்த படத்தை அனுப்பு. ஆர் வந்து அளக்கப்போறான்?"

"ஏலாது நானா."

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். நாளைக்கு எந்த முகத்தோட கராஜைத் திறக்கிறது?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சந்திரனில ஆர் போய் அளக்கிறது? இந்தப் படத்தை நம்பித்தானே அடுத்த அடி வைக்கச் சொல்லுவாங்கள்! இது பொய்யெண்டா உங்கட வண்டி எங்க நிக்குதெண்டு உங்களுக்கே தெரியாது!"

நானா குந்தி, சில்லில் ஒட்டியிருந்த கறுப்பு மணலைத் தட்டிவிட்டார். பிறகு லாப்டொப்பை வாங்கி, "சரியானது எது?" என்று கேட்டார். காட்டினேன். அவரே அனுப்பினார்.

திரும்பி வர இருட்டத் தொடங்கிவிட்டது. கிண்ணியாப் பாலத்தடியில் மீன் விற்பவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்: "என்ன நானா, சந்திரனுக்குப் போய்ச் சேந்தாச்சா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேகமாகப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நானா ஆட்டோவை ஓரங்கட்டி, தலையை வெளியே நீட்டினார்.

"பதினொரு மீற்றர்," என்றார், எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில்.