வீட்டுக்கும் ஒரு வாய்

அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியவர். ஊரார் செலவெல்லாம் அவருக்கு விரல்நுனியில். தன் வீட்டில் மட்டும் செலவு என்ற சொல் விழுந்தால் காது மந்தமாகிவிடும்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டார். முதல் வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, மனைவி அதில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“இது எதுக்கு?”

“அந்த வீட்டுக்குத்தாங்க. அதுக்கும் ஒரு வாய் இருக்கில்ல? நாம போடலேன்னா அதுவா எடுத்துத் தின்னும்.”

“செங்கல்லு சோறு கேக்குதாக்கும்” என்று சிரித்து, அந்தப் பங்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. வாயாடுகிற பெண்டாட்டியைவிட வாயை மூடிக்கொண்டவளுக்குத்தான் பயப்பட வேண்டும். மனுஷனுக்கு அது எங்கே தெரிந்தது?

முதலில் குடிவந்தது ஒரு நர்ஸம்மா. “சார், படுக்கையறைச் சுவத்துக்குள்ள யாரோ தண்ணி குடிக்கிறாங்க. மடக் மடக்குனு, நிறுத்தி நிறுத்தி” என்றாள். பிளம்பர் வந்து பார்த்து, உள்ளே குழாய் கசியலாம், சுவரை உடைக்க வேண்டும் என்றார். கூலியைக் கேட்டதும் மீட்டருக்கு வேர்த்தது. ஒரு டப்பா பெயின்ட் வாங்கி, ஈரத் திட்டின்மேல் தானே அடித்துவிட்டு வந்தார். பூசி மெழுகுவது என்று சும்மாவா சொன்னார்கள்.

நர்ஸம்மா காலிசெய்தாள். அடுத்து வந்தவர்கள் முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் போனார்கள். தெருவே அதைப் பேய்வீடு என்றது. மீட்டர் மறுக்கவில்லை. குழாய் என்று ஒப்புக்கொண்டால் பிளம்பருக்கு அழ வேண்டும், பேய்க்குக் காலணா செலவில்லையே.

மருமகன் வெளிநாட்டு வேலைக்குப் போனதும், தையல்வேலை செய்யும் ஒரே மகள், “வீடு சும்மாதானப்பா கெடக்கு, நான் இருந்துக்கறேன்” என்றாள். மனைவி மட்டும், “அவ அங்க வேணாங்க” என்றாள்.

“நீ முதல்ல உன் கட்டிலைப் பாரு” என்று கேலி செய்தார். அவர்கள் வீட்டுக் கட்டில் ஒருகாலத்தில் சுவரோரம் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இப்போது அறையின் நடுவே நிற்கிறது. அவர் முழங்காலை இடித்துக்கொள்ளாத நாளில்லை. கேட்டால், காற்று வரட்டும் என்பாள்.

ஒரு மத்தியானம் மகளுக்கு நூல்கண்டு கொண்டுபோனார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, குடிக்குதுன்னுதானே சொன்னாங்க? இது மெல்லுதுப்பா.”

காதை வைத்துக் கேட்டார். நறநற என்றது. அவர் மூச்சுவிட்டதும் நின்றது, அதுவும் அவரைக் கேட்பதுபோல. பெயின்ட் உப்பியிருந்த இடத்தில் கைவைத்தார். கன்னத்தின் உட்புறம்போல் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

“மெஷினு?”

“கெடக்கட்டும். நீ வா.”

தெருமுனை தாண்டவில்லை, பின்னால் சடசடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிச் சுவரும் மேல்தளமும் அவள் உட்கார்ந்திருந்த முக்காலியின்மேல் கிடந்தன. கொத்தனார் வந்து, உள்ளே கம்பி துருப்பிடித்து மாவாகிவிட்டது என்றார்.

சாயங்காலம் மகள் தங்கள் வீட்டுக் கூடத்தில் பத்திரமாக அயர்ந்து தூங்குவதைப் பார்த்துப் பார்த்து மீட்டர் அழுதார். மனைவி படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், “இனிமே நீ சொன்ன பங்கை எடுத்து வச்சிடு. ரெண்டு பங்காவே எடு” என்றார்.

அவள் ஒரு புடவையை எடுத்து உதறி மடித்தாள். அப்போது, அவர் நின்ற பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மடக். மடக்.

“உனக்கும் கேக்குதா?”

“பின்ன, கட்டிலைக் காத்துக்கா நகர்த்தினேன்? சொன்னா சிரிப்பீங்க.” அவள் மடித்த புடவையைக் கட்டிலில் வைத்தாள். “இனிமே நகர்த்த எடமில்லீங்க. நேத்துலேருந்து அந்தப் பக்கச் சுவரும் ஆரம்பிச்சிடுச்சு.”